பட்சிசாலை வளர்ந்த வரலாறு

தோட்டத்தின் ஓரத்தில் நான்கு கம்பங்களை நாட்டி, பக்கங்களிலும் மேலேயும் கம்பிவலை அடித்து, உள்ளே உலர்ந்த கொய்யாக்கிளை ஒன்றைக் குறுக்கே செருகி, சந்தையில் வாங்கிய நாலைந்து ஜோடிச் சிறு பறவைகளை அதற்குள் விட்டு, மாலை வேளைகளில் அவற்றின் கலகலப்பைக் கேட்டு மகிழ்கின்ற குடும்பங்கள் இன்று நம் ஊர்களில் ஏராளம். அந்தச் சிறிய அமைப்புக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டுச் சரித்திரம் இருக்கின்றது. பிரபுக்களின் உல்லாசமும், வியாபாரிகளின் லாபக் கணக்கும், ஒரு மாநகரத்தை அழித்த யுத்தத்தின் தீயும், நெசவுத்தறியைப் பார்த்து இயந்திரம் சமைத்த ஓர் இரும்பு வணிகரின் புத்திநுட்பமும் அதில் கலந்திருக்கின்றன.

தாழ்வாரத்தில் தொங்கும் கூண்டைப் பற்றி நான் இங்கே பேசப் புகவில்லை. கூண்டு என்பது பறவையை மனிதனுடைய செவிக்கும் கைக்கும் அருகிலே நிறுத்திவைப்பதற்காகத் தோன்றியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், பொற்றாமரைக் குளத்தின் மேல்கரையை ஒட்டியிருக்கும் கிளிக்கூட்டு மண்டபத்தில், அம்மனுடைய திருநாமத்தைச் சொல்லப் பழக்கிய கிளிகளை முற்காலத்தில் கூண்டுகளில் வைத்திருந்தார்கள். அங்கே வேண்டப்பட்டது கிளியின் குரல். பட்சிசாலையோ சிறகுக்காக ஏற்பட்டது. வெட்ட வெளியில், காற்றும் வெயிலும் படும்படியாக, ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குப் பறவை பறந்து செல்லும்படியாக எழுப்பப்பட்ட இடம் அது. கட்டியவன் பறவையை எதற்காக விரும்பினான் என்பதை அவன் விட்ட ஜன்னலும் விரித்த வலையுமே நமக்குச் சொல்லிவிடுகின்றன. எழுத்து ஆதாரம் இல்லாத இடத்திலும் கட்டடம் பொய் சொல்வதில்லை.

எழுத்து ஆதாரம் நிறைந்த இடம் ரோமாபுரி. அந்நாட்டுப் பேரறிஞர்களுள் ஒருவரான மார்க்கஸ் டெரென்ஷியஸ் வாரோ, கி.மு. 37-ஆம் ஆண்டில், எண்பது வயதை எட்டிய முதுமையில், வேளாண்மையைப் பற்றி மூன்று பாகங்களாக ஒரு நூல் இயற்றினார். நிலம் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்த தம் மனைவிக்கு வழிகாட்ட வேண்டும் என்பது அந்நூலின் தொடக்கத்தில் அவர் கூறும் காரணம். பண்ணைவீட்டைச் சார்ந்து வளர்க்கப்படும் பறவைகள், முயல்கள், தேனீக்கள், மீன்கள் முதலியவற்றைப் பேசும் மூன்றாம் பாகத்தில், பறவைகளுக்கென்று தனிக் கட்டடம் எழுப்பும் வழக்கத்தை முதலில் தொடங்கியவர் புருந்திசியம் நகரத்து லாயினியஸ் ஸ்ட்ராபோ என்ற கனவான் என்றும், பறவைகளை வலையிட்ட முற்றத்தில் அடைத்து ஆகாரம் கொடுத்து வளர்த்தவர் அவரே என்றும் வாரோ எழுதிவைத்திருக்கின்றார். ஒரு தொழிலின் மூலபுருஷனை இவ்வளவு தெளிவாகப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் மிகச் சில.

ஆனால் அந்நாளில் பட்சிசாலையைப் பெருகச் செய்தது பறவையின் மீது கொண்ட பிரியமன்று; விருந்துச் சாப்பாடு. இலையுதிர் காலத்தில் கடல்கடந்து இத்தாலிக்கு வந்து வசந்தத்தில் திரும்பிப் போகும் பூங்குருவிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து, அத்திப்பழமும் மாவும் பிசைந்து ஊட்டிக் கொழுக்கவைத்து, வெற்றி விழாக்களும் சங்க விருந்துகளும் நடக்கும் நாட்களில் ரோமாபுரிக்கு அனுப்புவது பெரிய வியாபாரமாக இருந்தது. சலாரியா சாலையில், ரோமாபுரியிலிருந்து இருபத்துநான்காவது மைல்கல்லில் இருந்த வாரோவின் சிற்றன்னையாருடைய பண்ணையிலிருந்து ஒரே ஆண்டில் 5,000 பூங்குருவிகள், ஒன்றுக்கு மூன்று தெனாரியஸ் வீதம் விற்கப்பட்டன. அந்த ஒரு கட்டடம் அவ்வாண்டு ஈட்டிய 60,000 செஸ்டர்ஸ் (தெனாரியஸினும் சிறிய நாணயம்), 200 யூகரா நிலமுள்ள ஒரு பண்ணையின் வருமானத்தைப் போல் இரு மடங்கு என்று அவர் கணக்கிடுகின்றார்.

அந்தக் கட்டடம் எவ்வாறு இருந்தது என்பதை அவர் விவரிக்கும் பகுதியைப் படிக்கும்போது மனம் கனத்துப் போகின்றது. ஓடு வேய்ந்தோ வலை விரித்தோ மூடிய பெரிய மண்டபம். எலியோ வேறு பிராணியோ நுழையாதபடி வழவழப்பாகப் பூசிய சுவர். குனிந்து நுழைய வேண்டிய சிறு கதவு. சுவர் முழுவதும் பறவைகள் அமரக் கம்புகள். தரையில் ஓடும் மெல்லிய நீர்க்கால். ஜன்னல்களோ மிகச் சில. உட்காரும் கம்பும், ஆகாரமும், தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும். வெளியே உள்ள மரங்களையும் சுதந்திரமாகத் திரியும் பறவைகளையும் பார்க்கும்படி ஜன்னல் வைத்தால், ஏக்கத்தால் உள்ளே இருக்கும் பறவைகள் மெலிந்துவிடும் என்பது அக்காலத்து வளர்ப்பாளர்களின் அனுபவம். விற்பனைக்குத் தேர்ந்தெடுத்த பறவைகளைப் பக்கத்தில் உள்ள சிறு அறைக்குக் கொண்டுபோய், மற்றவை பார்க்காதபடி கொல்ல வேண்டும். பார்த்தால் அவை மனமுடைந்து, விற்கும் காலத்துக்கு முன்பே இறந்துவிடும் என்றும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவைக்கு ஏக்கம் உண்டு, அச்சம் உண்டு, தன் இனத்தின் மரணத்தைக் கண்டு கலங்கும் உள்ளம் உண்டு என்பதை அவர்கள் இவ்வளவு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தார்கள்; அந்த ஞானம் முழுவதையும் எடை குறையாமல் காப்பதற்கே செலவிட்டார்கள்.

பார்த்து மகிழ்வதையும் தின்று மகிழ்வதையும் ஒன்றாக இணைக்க முயன்றவர் லுகுல்லஸ் என்ற பிரபு. டஸ்குலத்தில் இருந்த தம் மாளிகையில், பட்சிசாலைக்குள்ளேயே போஜனக்கூடத்தை அமைத்து, சமைத்த பறவைகள் தட்டில் இருக்க, உயிருள்ளவை ஜன்னலோரம் பறந்து திரியும்படி செய்தார். எச்சத்தின் நாற்றம் விருந்தினரின் மூக்கைத் துளைத்தமையால் அந்த ஏற்பாடு வெற்றி பெறவில்லை என்று வாரோ குறித்திருக்கின்றார்.

வாரோவின் சொந்தப் பட்சிசாலை இவை எல்லாவற்றிலும் மேலானது. உலக சரித்திரத்தில் பறவையின் பாட்டுக்காகவும் அழகுக்காகவும் மட்டுமே கட்டப்பட்டு, கட்டியவராலேயே விரிவாக வருணிக்கப்பட்ட பழைய பட்சிசாலை அதுதான் என்பது என் துணிவு. காசினம் என்ற ஊரில், தெளிந்த ஆறு ஒன்று ஓடும் தம் தோட்டத்தில், 48 அடி அகலமும் 72 அடி நீளமும் உள்ள முற்றமும் அதன் தலைப்பில் வட்டமான மண்டபமும் கொண்டதாக அதை அவர் எழுப்பினார். முற்றத்தின் இரு பக்கங்களிலும் இருந்த நடைகளுக்கு முகப்பில் கற்றூண்களை நிறுத்தி, நடுநடுவே தூண்களுக்குப் பதிலாகக் குட்டை மரங்களை வரிசையாக வளர்த்து, மதில் உச்சியிலிருந்து உத்தரம் வரையிலும், உத்தரத்திலிருந்து அடித்தளம் வரையிலும் சணல் வலையால் மூடினார். அதற்குள் பலவகைப் பறவைகள் இருந்தன. வலைக்கண் வழியாக ஆகாரம் போடுவார்கள். சிறு வாய்க்காலாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும்.

வட்ட மண்டபமே அவருடைய கற்பனையின் சிகரம். வெளிச்சுற்றில் கல்லாலான தூண்கள். ஐந்தடி தள்ளி உட்சுற்றில் மெல்லிய தேவதாரு மரத் தூண்கள். வெளித்தூண்களின் இடைவெளியில் சுவர் எழுப்பாமல் நரம்பினால் பின்னிய வலையைக் கட்டினார். அதன் வழியாக அப்பாலுள்ள சோலையைப் பார்க்கலாம், ஆனால் பறவை நுழைந்து போக முடியாது. உட்தூண்களின் இடைவெளியில் மற்றொரு வலை. இவ்விரண்டு வலைகளுக்கும் நடுவே, நாடகசாலையின் படிக்கட்டுகளைப் போல் அடுக்கடுக்காகத் தூண்களில் பொருத்திய தாங்கிகளின்மேல், நைட்டிங்கேல்களும் கரும்பூங்குருவிகளுமாகப் பாடும் பறவைகள் வரிசைவரிசையாக அமர்ந்திருக்கும். நடுவில் தடாகம், தடாகத்தின் நடுவில் சிறு தீவு, தீவில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஒரே ஒரு பணியாள் சுழற்றக்கூடிய மேஜை, அதில் உண்ணவும் பருகவும் வேண்டியவை விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் சுற்றி வரும். தலைக்கு மேலே கவிகையின் உட்புறத்தில் பகலில் விடிவெள்ளியும் இரவில் அந்தி வெள்ளியும் நகர்ந்து நாழிகை காட்டும். வெளியே அடிக்கும் காற்று எத்திசைக் காற்று என்பதை உள்ளே இருப்பவர்க்கு அறிவிக்கும் முள்ளும் அங்கே இருந்தது. லுகுல்லஸின் கூடத்தைப் போலவே இங்கேயும் விருந்து நடந்தது. ஆயினும் இங்கே பறவை பாடகன், அங்கே பறவை பண்டம். இந்த வேற்றுமையை உணர்ந்த காரணத்தாலேயே, ஏக்கம் தரும் என்று பிறர் மறைத்த சோலைக் காட்சியை அவர் வலை வழியாகத் திறந்துவிட்டார் என்று நான் எண்ணுகின்றேன்.

ரோமாபுரியோடு எவ்விதத் தொடர்பும் இன்றி, மகாசமுத்திரத்துக்கு அப்பால், இதைவிடப் பன்மடங்கு பெரிய பட்சிசாலைகள் தழைத்திருந்தன. 1519-ஆம் ஆண்டு நவம்பரில், ஏரியின் நடுவே எழுந்த தெனோச்தித்லான் மாநகருக்குள் நுழைந்த ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்ட்டெஸ், மறு ஆண்டு தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், மொக்தேசுமா சக்கரவர்த்தியின் பறவை மாளிகைகளை வியந்து வருணித்திருக்கின்றார். நீர்ப்பறவைகளுக்கென்று பத்துத் தடாகங்கள் இருந்தன. கடற்பறவைகளுக்கு உப்பு நீர், ஆற்றுப்பறவைகளுக்கு நன்னீர் என்று பிரித்து நிரப்பி, குறித்த காலத்தில் மதகு வழியாக வடித்துச் சுத்தம் செய்து, மீண்டும் நிரப்பினார்கள். காட்டில் எது எதைத் தின்று வாழ்ந்ததோ அதற்கு அதுவே இங்கேயும் கொடுக்கப்பட்டது: மீன் தின்பதற்கு மீன், புழு தின்பதற்குப் புழு, தானியம் தின்பதற்குத் தானியம். மீன் மாத்திரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 பவுண்டு செலவாயிற்று. இப்பறவைகளைப் பராமரிக்க 300 பேர் இருந்தார்கள். நோயுற்ற பறவைகளுக்கு வைத்தியம் செய்வதையே தொழிலாகக் கொண்ட வேறு சிலரும் இருந்தார்கள்.

வேட்டைப் பறவைகளின் இல்லத்தை அவர் விவரிக்கும் இடம் பட்சிசாலை கட்டும் எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம். கல் பரவிய முற்றத்தில், ஒன்றரை ஆள் ஆழமும் ஆறு தப்படிச் சதுரமும் உள்ள தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் பாதிக்குமேல் கற்பலகை மூடியிருக்கும், மறுபாதிக்குமேல் நேர்த்தியாகச் செய்த மரச்சட்டப் பின்னல் கவிந்திருக்கும். மூடிய பாதியில் ஒரு கம்பு, திறந்த பாதியில் ஒரு கம்பு. இரவிலும் மழையிலும் பறவை உள்ளே போய் அமர்ந்துகொள்ளும். வெயிலும் காற்றும் வேண்டியபோது வெளியே வந்து அமரும். எந்த நேரத்தில் எங்கே இருப்பது என்னும் தீர்மானத்தைப் பறவையிடமே விட்டுவிட்ட இந்த அமைப்பைத்தான், ஒதுங்கிடமும் பறக்குமிடமும் என்ற இரு பகுதிகளாக, இன்றைய பட்சிசாலை நூல்கள் எல்லாம் முதல் பாடமாகச் சொல்லுகின்றன. பறவைகளைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த அம்மக்களின் கண்ணுக்கு அது சுலபமாகப் புலப்பட்டிருக்கின்றது.

இத்தனை பறவைகளும் வெறும் கேளிக்கைக்காக மட்டும் வளர்க்கப்படவில்லை. வண்ண இறகுகளை ஒட்டியும் கட்டியும் கேடயங்களையும் மகுடங்களையும் விசிறிகளையும் செய்யும் அமந்தேகா என்ற கைவினைஞர் வகுப்பு அந்நகரில் இருந்தது. அரண்மனைப் பறவைகளின் இறகுகள் அவர்களுக்குக் கச்சாப் பொருளாயின. 1521-ஆம் ஆண்டில் நகரை முற்றுகையிட்ட கோர்ட்டெஸ் அந்தப் பறவை மாளிகைகளுக்குத் தீ வைத்தார். தமக்கு வருத்தமாகவே இருந்தாலும், நகரமக்களுக்கு அது தம்மினும் மிகுந்த வருத்தம் தரும் என்பதனால் எரித்ததாக அவரே மன்னருக்கு எழுதியிருக்கின்றார். ஒரு ஜனசமூகத்தின் நெஞ்சைப் பிளப்பதற்குப் பறவைகளின் இல்லத்தை எரித்தால் போதும் என்று எதிரி கணக்கிட்டான் என்றால், அப்பறவைகள் அவர்களுக்கு எவ்வளவு அருமையாக இருந்திருக்க வேண்டும்! அவ்வாண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி நகரம் வீழ்ந்தது.

ஐரோப்பிய மன்னர்கள் பிற்காலத்தில் கட்டியவற்றை நீளமாகச் சொல்ல வேண்டுவதில்லை. அவை பெரும்பாலும் செல்வத்தின் விளம்பரங்கள். லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் ஓரமாக முதலாம் ஜேம்ஸ் மன்னர் அமைத்து, இரண்டாம் சார்லஸ் மன்னர் விரிவுபடுத்திய பறவைக் கூடங்களின் நினைவு, பேர்ட்கேஜ் வாக் என்ற சாலையின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கின்றது. நம் நாட்டிலே அக்பரின் அரண்மனையில் 20,000-க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அபுல் ஃபசல் எழுதியிருக்கின்றார். அவர் புதல்வர் ஜஹாங்கீரோ, லைலா என்றும் மஜ்னூன் என்றும் பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்கு ஜோடி கூடியதையும், முட்டையிட்டதையும், முறைமாற்றி அடைகாத்ததையும், குஞ்சு பொரித்ததையும் அருகிலிருந்து கவனித்துத் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கின்றார். இருபதாயிரம் புறாக்களின் எண்ணிக்கையைவிட இந்த ஒரு ஜோடியின் சரிதை எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றுகின்றது.

கல்கத்தாவில், ராஜேந்திர மல்லிக் 1835-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய சலவைக்கல் மாளிகையின் தோட்டத்தில் அரிய பறவைகள் வளர்க்கப்பட்டன. 1876-இல் அலிப்பூர் மிருகக்காட்சிசாலை ஏற்பட்டபோது அதற்குப் பிராணிகளைக் கொடுத்து உதவியவர்களுள் அவரும் ஒருவர். அயோத்தி ராஜ்யத்தை இழந்து அதே நகரின் மட்டியாபுர்ஜில் வாழ்ந்த வாஜித் அலி ஷா, தமக்குக் கிடைத்த உபகாரச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் செலவிட்டார். சென்னையிலே 1855-ஆம் ஆண்டு டாக்டர் எட்வர்டு பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத் தோட்டத்தில் தொடங்கிய சிறு மிருகக்காட்சிசாலை, பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பெயர்ந்து, கடைசியில் வண்டலூரில் நிலைகொண்டது.

பட்சிசாலையைப் பிரபுவின் மாளிகையிலிருந்து சாமானியனுடைய கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தது கம்பிவலை. அதற்கு முன்பு இரண்டே வழிகள் இருந்தன. சணல், நரம்பு முதலியவற்றால் பின்னிய வலை மழையில் நைந்தது, எலிக்கு இரையாயிற்று, கிளியினத்தின் அலகுக்கு ஒரு நாழிகைகூடத் தாங்காது. இரும்புக் கம்பியைக் கையால் வளைத்துப் பின்னச் செய்வதோ பெருஞ்செலவு. இங்கிலாந்தில் நார்விச் நகரத்து இரும்பு வணிகர் சார்லஸ் பர்னார்ட், நெசவுக்குப் பேர்போன தம் ஊரின் தறிகளை ஆராய்ந்து, நூலுக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கி அறுகோணக் கண்களாகப் பின்னும் இயந்திரத்தை 1844-ஆம் ஆண்டில் அமைத்தார். 1837-இல் பிரெஞ்சுக்காரரான சோரெல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். துருப்பிடிக்காத கம்பியும் மலிவான பின்னலும் ஒன்றுசேர்ந்தபோது, மழையிலும் வெயிலிலும் பல்லாண்டு நிற்கக்கூடிய வலை, சுருள் சுருளாகக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

அதே காலத்தில் அந்த வலைக்கு ஏற்ற பறவையும் வந்து சேர்ந்தது. பறவை நூல் வல்லுநரான ஜான் கூல்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-இல் திரும்பியபோது பட்ஜரிகர் என்ற சிறு கிளிகளை உயிருடன் கொண்டுவந்தார். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, கூட்டமாக வாழ்வது, தானியத்தைத் தின்று, மரப்பொந்தில் முட்டையிட்டு, அடைபட்ட இடத்திலும் தளராமல் இனம் பெருக்குவது. சில பத்தாண்டுகளுக்குள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்பட்டு, பச்சையாய் இருந்த அந்தப் பறவையில் மஞ்சளும் நீலமும் தோன்றின. நம்மூர்ச் சந்தைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இவற்றின் வம்சமே. இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டில் பறவை வளர்ப்போர் சங்கம் ஒன்று தோன்றி, யார் எந்தப் பறவையை எவ்வளவு பெரிய இடத்தில், எந்த ஆகாரத்தோடு வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார் என்பதைப் பத்திரிகையில் எழுதி வைக்கும் வழக்கத்தை உண்டாக்கிற்று. ரகசியமாகக் காக்கப்பட்ட அனுபவங்கள் பொதுச்சொத்தாக மாறியது அதற்குப் பின்புதான்.

அந்த அனுபவங்களின் சாரம் நம் சீதோஷ்ணத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். குளிர்நாட்டார் சூரியனைத் தேடித் தெற்குநோக்கித் திறந்துவைப்பார்கள். நமக்கோ மேற்கு வெயில் எதிரி. ஆகையால் ஒதுங்கிடத்தை மேற்கில் அமைத்து, தகரம் வேய்ந்தால் அதன்மேல் தென்னங்கீற்றுப் பரப்பி, காலை வெயில் பறக்குமிடத்தில் விழும்படி விடுவது நல்லது. உயரத்தைக் கூட்டுவதைவிட நீளத்தைக் கூட்டுவதே சிறுபறவைக்கு நன்மை; அது நேராகப் பறக்கும் பிராணி. எலியும் சாரைப்பாம்பும் தரைக்கு அடியில் வழி தேடுபவை; ஆதலால் வலையைத் தரையோடு நிறுத்தாமல், ஒன்றரை அடி ஆழம் இறக்கி, வெளிப்புறமாக மடக்கிப் புதைக்க வேண்டும். கதவு ஒன்று போதாது. முதற்கதவைச் சாத்திய பின்பே இரண்டாம் கதவைத் திறக்கும்படி இடையில் ஓர் ஆள் நிற்கும் அறை வேண்டும், இல்லையேல் ஆகாரம் வைக்கப் போனவரின் தோளுக்கு மேலாகப் பறவை பறந்துவிடும். துத்தநாகம் பூசிய புதுக்கம்பியில் ஒட்டியிருக்கும் துகள்களைக் கிளியினம் கொறித்தால் விஷமாகும். காடித் தண்ணீர் தொட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, சில வாரங்கள் காற்றிலும் மழையிலும் கிடக்கவிட்டுப் பின் பறவையை விட வேண்டும். உட்காரும் கம்புகள் ஒரே பருமனாக இழைத்தவையாய் இருந்தால் பாதம் ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகும். வேம்பு, கொய்யா போன்ற மரங்களின் பல பருமனான கிளைகளே உத்தமம். கிளிகளும் மைனாக்களும் முனியாக்களும் நம் காட்டுப் பறவைகள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பிடித்து அடைப்பது குற்றமாகும்.

இருபதாம் நூற்றாண்டில் பட்சிசாலை, மனிதன் வெளியே நின்று பார்க்கும் இடமாக இருந்தது மாறி, அவனும் உள்ளே நடந்து செல்லும் இடமாயிற்று. 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சிக்காக அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் கட்டிய பறவைக்கூடம் 228 அடி நீளமும், 84 அடி அகலமும், 50 அடி உயரமும் கொண்டது. பொருட்காட்சி முடிந்ததும் அதைப் பெயர்த்துக் கொண்டுபோக இருந்தார்கள், நகரமக்கள் விடவில்லை. 3,500 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்தே அந்நகரின் மிருகக்காட்சிசாலை பிறந்தது. லண்டனில் ஸ்னோடன் பிரபுவும் செட்ரிக் பிரைஸும் ஃபிராங்க் நியூபியும் சேர்ந்து வடிவமைத்து, 1965-இல் திறக்கப்பட்ட பட்சிசாலை, அலுமினியச் சட்டங்களும் எஃகுக் கயிறுகளும் ஒன்றையொன்று இழுத்து நிற்கும் புதுமை. சிங்கப்பூரில் 1971-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி திறந்த ஜூரோங் பறவைப் பூங்காவின் அருவிப் பட்சிசாலை, முப்பது மீட்டர் உயர அருவியையே வலைக்குள் அடக்கியிருந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளாகச் சென்றுவந்த தமிழர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். 2023-இல் அப்பூங்கா மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்க்குப் போய்ச் சேர்ந்தன.

அளவு பெருகியதைவிடப் பெரிய மாற்றம் நோக்கத்தில் ஏற்பட்டது. வங்காளத்திலும் பீகாரிலும் சதுப்பு நிலங்களில் வாழ்ந்த இளஞ்சிவப்புத் தலை வாத்துக்களில் சில, இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் எஸ்ரா என்பவருடைய ஃபாக்ஸ்வாரன் பூங்காவில் நல்ல பராமரிப்பில் இருந்தன. அவை நெடுநாள் உயிர் வாழ்ந்தன, முட்டையிடவே இல்லை. அந்த இனத்தை இப்போது உலகில் யாரும் காண்பதில்லை. உயிரோடு வைத்திருப்பது வேறு, வாழவைப்பது வேறு என்று பறவை வளர்ப்போர் கற்ற பாடங்களில் இதைப்போல் வேதனையானது இல்லை.

அந்தப் பாடத்தின் பயனை நம் நாட்டிலேயே பார்க்கலாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, 1990-களில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் கோடிக்கணக்கான பறவைகளைக் கொன்றுவிட்டது. காரணம் 2004-இல் உறுதிப்பட்டு, 2006-இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு போன்ற இனங்கள் நூற்றுக்கு ஒன்றும் மிஞ்சாத நிலையை அடைந்தன. ஹரியானாவில் பிஞ்சோருக்கு அருகே, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில அரசும் 2001-இல் தொடங்கிய, ஜடாயுவின் பெயரைத் தாங்கிய நிலையத்தில், 100 அடி நீளமும், 40 அடி அகலமும், 20 அடி உயரமும் உள்ள பட்சிசாலைகளில் இக்கழுகுகள் கூட்டமாக வாழ்கின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அது. உணவுக்கு வாங்கும் ஆடுகளைக்கூட, உடலில் மருந்து எதுவும் தங்கியிருக்கக் கூடாதென்று, ஒரு வாரத்துக்குக் குறையாமல் கட்டிவைத்துத்தான் அறுக்கின்றார்கள். பராமரிப்பவர்கள் உள்ளே நுழைவது அபூர்வம். காமிரா வழியாகவே பார்க்கின்றார்கள், மனிதனிடம் பழகிப்போகக் கூடாது என்பதற்காக.

விடுவிக்கப்பட வேண்டிய பறவைகளை முதலில் தனியான ஒரு பட்சிசாலைக்கு மாற்றி, வெளியே வானில் வட்டமிடும் காட்டுக் கழுகுகளைக் காணும்படி சில காலம் வைத்திருக்கின்றார்கள். சலாரியா சாலைப் பண்ணையில் ஜன்னலை அடைத்து மறைத்த அதே காட்சியை, இங்கே வேண்டுமென்றே காட்டுகின்றார்கள். அந்த ஏக்கம் பிறக்க வேண்டும் என்பதே இவர்கள் விருப்பம். 2020-ஆம் ஆண்டில் இவ்வாறு சில வெண்முதுகுப் பாறுகள், முதுகில் இருப்பிடம் தெரிவிக்கும் சிறு கருவியோடு, அங்கிருந்து வெளியே விடப்பட்டன. டைக்ளோஃபினாக்கைப் போலவே கழுகைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. இத்தடைகள் ஒவ்வொரு கிராமத்து மாட்டுத் தொழுவத்திலும் மெய்யாக நடைமுறைக்கு வருவதைப் பொறுத்தே பிஞ்சோரின் கதவுகள் அடுத்து எத்தனை பறவைகளுக்குத் திறக்கும் என்பது நிர்ணயமாகும்.